மாமியார் பார்க்காத இடம்

ஆறு விரல் விவகாரத்துக்குப் பிறகுதான் ஒப்புமானி என்கிற யந்திரத்துக்கு 'மாமியார்' என்று பெயர் விழுந்தது.

விஷயம் இதுதான். 'கச்சான் காலம்' என்ற மங்காவை, அதாவது ஜப்பானிய பாணிப் படக்கதையை, வரைந்த கொண்டல், இதழுக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில், ஒரு கட்டத்தில் கதாநாயகியின் இடது கையில் ஆறு விரல் போட்டுவிட்டார். மனிதர்தானே, தூக்கக் கலக்கம். புத்தகம் அச்சாகி ஊரெல்லாம் படித்தது, ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதை அனிமேவாக, அசையும் படமாக, எடுக்கும்போது பெருங்குடி ஸ்டூடியோவில் ஒழுங்காக ஐந்து விரல் வரைந்தார்கள். படத்தை மங்காவோடு ஒப்பிடுகிற ஒப்புமானி அந்த இடத்தில் சிவப்பைக் காட்டி மதிப்பெண்ணைக் குறைத்தது. அது என் பிழை, ஐந்தே போடுங்கள் என்று கொண்டலே சொல்லிப் பார்த்தார். ஒப்புமானி மசியவில்லை. மூலம் என்றால் அச்சில் வந்தது. வரைந்தவர் பிறகு என்ன நினைக்கிறார் என்பது அதற்கு வேண்டாத சங்கதி. கடைசியில் அந்தப் பெண் ஒரு காட்சியில் ஆறு விரலோடு கையசைத்துவிட்டு, அடுத்த காட்சியில் ஐந்து விரலோடு மீன் கழுவினாள். ரசிகர்கள் ஆறு விரல் பனியன் போட்டுக் கொண்டாடினார்கள். "மருமக போட்ட கோலத்துல புள்ளி எண்ணுற மாமியார்கூட இவ்ளோ எண்ண மாட்டா" என்றாள் ஒப்புமானியைப் பார்த்துக்கொள்ளும் நீலோபர். பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்படி ஒரு யந்திரம் எதற்கு வந்தது என்று கேட்டால், அதற்கும் நியாயம் இருந்தது. ஒரு காலத்தில் அனிமே எடுப்பவர்கள் மங்காவைப் படாத பாடு படுத்தினார்கள். கதை போதவில்லை என்று இல்லாத அத்தியாயங்களை நுழைப்பார்கள். செத்தவனை எழுப்புவார்கள், முடிவை மாற்றுவார்கள். படித்து வளர்ந்த பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். சந்தாவை நிறுத்தினார்கள், ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ஒளிபரப்பு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஒப்புமானியைக் கொண்டுவந்தன. அது மங்காவின் ஒவ்வொரு கட்டத்தையும் மனப்பாடம் செய்து, படத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்குக் குறைந்தால் படம் வெளியே போகாது. முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அப்புறம்தான் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை புரிந்தது. எடுப்பவன் கையைக் கட்டப்போய், வரைந்தவன் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

இந்தக் குரங்கு என்றைக்காவது தன் மடியிலேயே ஏறி உட்காரும் என்று ஜெனோவா நினைக்கவில்லை.

ஜெனோவா ஸ்டூடியோவில் இயக்குநர். வேறொரு தொடரை முடித்துவிட்டு வந்தவளிடம், 'கச்சான் காலம்' முப்பத்தொன்றாம் அத்தியாயத்தை ஒப்படைத்தார்கள். கடற்கரைக் கதை என்றாலே ஒதுங்கிப் போகிறவள் அவள். அதனால் அந்த மங்காவை அதுவரை பிரித்ததில்லை. இப்போது வேறு வழியில்லை. தேநீரோடு உட்கார்ந்து பக்கம் புரட்டினாள். தேநீர் அப்படியே ஆறிப்போனது.

நாலு கட்டம். கச்சான் காற்று தலைவிரித்து ஆடுகிற ஒரு விடியற்காலை. முதல் கட்டத்தில் ஒருவன் வள்ளத்தில் குனிந்து, கையில் கத்தியோடு ஒரு கயிற்றைப் பிடித்திருக்கிறான். இரண்டாவதில் அறுந்த கயிற்று நுனி காற்றில் பறக்கிறது. மூன்றாவதில் ஊருக்கே பெரிய விசைப்படகான லாஞ்சு ஒன்று பாறையில் மோதிச் சிதறுகிறது. நாலாவதில் அவன் கத்தியும் கையுமாய்க் கடற்கரையில் ஓடிவருகிறான். வாய் அகலத் திறந்திருக்கிறது. கதையில் அவன் பெயர் ரப்பேல், ஆனால் ஊர் வைத்த பெயர் கயிறுவெட்டி. அவனுடைய இடது காது, தூண்டில் முள் மாட்டிப் பாதியாய்க் கிழிந்த காது.

அந்தக் காதை ஜெனோவாவுக்குத் தெரியும். அன்று காலையில்தான் அது அவளுக்கு எதிரே உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தது.

அவளுடைய அப்பா கஸ்பார், அவள் பிறப்பதற்கு முன்பே புன்னைத்துறையை விட்டுவிட்டு மனைவியோடு சென்னைக்கு வந்தவர். காசிமேட்டில் கிழிந்த வலை பொத்தி, மகளைப் படிக்க வைத்து, மனைவியை அடக்கம் செய்து, எழுபது வயதாகிவிட்டது. ஊரைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். மற்றபடி குறும்புக்காரர். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் இருக்க ஜெனோவா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பாள். அவர் கட்டில் பக்கத்தில் நின்று, "தூங்குத பிள்ளைக்குக் கால் ஆடுமே" என்பார். தான் தூங்குவதை நிரூபிக்க அவள் உடனே காலை ஆட்டுவாள். மாட்டிக்கொள்வாள்.

ஊர்க் கதையில் ஒரே ஒரு துண்டுதான் அவள் காதுக்கு வந்திருந்தது. பத்து வயதில் ஒரு கல்யாண வீட்டில், தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி தன் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். "கயிறுவெட்டி மகளோட என்ன விளையாட்டு?" அப்புறம் அம்மாதான் அரைகுறையாகச் சொன்னாள்: ஊரில் ஒரு லாஞ்சு உடைந்ததாம், நங்கூரக் கயிற்றை அப்பா வெட்டிவிட்டார் என்று பழி வந்ததாம், ஊரே பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டதாம். அப்பாவிடம் கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை ஜெனோவா வாயெடுத்தாள். கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு பயத்தில் அவள் கடைசிவரை கேட்கவேயில்லை.

இப்போது அந்த முகத்தைக் கோடிப் பேர் பார்க்கிற திரையில் தானே அசைய வைக்க வேண்டும். அதிலும், மகள் எடுத்த படம் எதையும் அப்பா தவற விடுவதில்லை. வெளிவருகிற அன்று வலைக்காரச் சேக்காளிகளை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். இந்த முறை கடல் கதை என்று கேள்விப்பட்டதிலிருந்து குழந்தை மாதிரி நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடியாது என்று வேலையை வேறொருவரிடம் தள்ளலாம். தள்ளினால் இன்னொருவர் எடுப்பார், கயிறுவெட்டியை இன்னும் கொடூரமாக எடுப்பார். ஜெனோவா அன்று பகல் முழுக்க அதையே யோசித்துவிட்டு, கொண்டலை அழைத்தாள். தான் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ரப்பேலின் காதை நன்றாக இருக்கிற காதாக மாற்றலாமா என்று, ஏதோ வரைகலைச் சிக்கல் போலக் கேட்டாள். கொண்டல் சிரித்தார். ஆறு விரலையே மாற்ற முடியாதவனிடம் காதைக் கேட்கிறீர்களே என்றார்.

"அந்த ஆள் நிஜமா இருந்தவரா?" என்று கேட்டாள்.

"இருந்தாராம் மேடம். எங்க புன்னைத்துறையில நடந்ததுதான். நான் பாத்ததில்ல, எங்கப்பா சூசை சொல்லுவாரு. அந்தக் காது வரைக்கும் அப்படியே சொல்லுவாரு. நாங்க சின்னப் பிள்ளையில தூங்காம அழுதா, 'கயிறுவெட்டி வாறான்'னு சொன்னாப் போதும், கப்சிப்."

தன் அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு ஊரே பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறது. ஜெனோவாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. குரலைச் சரிசெய்துகொண்டு, நாலாவது கட்டத்தில் அந்த ஆள் சிரிக்கிறானா என்று கேட்டாள்.

கொண்டல் கொஞ்சம் யோசித்தார். "சிரிச்சுக்கிட்டே ஓடுனான்னுதான் எங்கப்பா சொல்வாரு. ஆனா வரையும்போது என் கைக்குச் சிரிப்பு வரல மேடம். கண்ணு ஒத்துக்கல. சரி போன்னு வாயை மட்டும் திறந்து விட்டுட்டேன். பேச்சுக் குமிழும் வைக்கல. படிக்கிறவங்க எல்லாம் சிரிக்கிறான்னுதான் எடுத்துக்கிட்டாங்க."

மறுநாள் ஜெனோவா நீலோபரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். காதைப் பற்றி, அப்பாவைப் பற்றி, கல்யாண வீட்டைப் பற்றி. நீலோபர் சிடுசிடுப்பான ஆள். ஆறுதல் சொல்லத் தெரியாது. பேசாமல் காதை ஒட்டவைத்த ஒரு மாதிரிக் காட்சியை மாமியாரிடம் கொடுத்துப் பார்த்தாள். மதிப்பெண் தொண்ணூற்றைந்துக்கு விழுந்தது. முகத்தில் நிழல் போட்டுப் பார்த்தார்கள், அதற்கும் விழுந்தது. ஆளைத் திருப்பி முதுகைக் காட்டியதும் மாமியார் சுத்தமாகக் கடுப்பாகிவிட்டாள்.

"கட்டத்துல இருக்கிறதுல கை வச்சா விடவே விடாது" என்றாள் நீலோபர். "ஆனா ஒண்ணு ஜெனோ. இது கட்டத்தை மட்டும்தான் பார்க்கும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல பக்கத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெள்ளை."

"அந்த வெள்ளையை அது எதோட ஒப்பிடும்? ஒப்பிட ஒண்ணுமே இல்லியே. மங்காவுல ஒருத்தன் வாசல்ல நிக்கிறான், அடுத்த கட்டத்துல மாடியில நிக்கிறான். படத்துல அவன் படி ஏறித்தானே ஆகணும்? அதுக்காக ஒவ்வொரு இடைவெளிக்கும் எட்டு விநாடி விட்டிருக்காங்க. அந்த எட்டு விநாடி மாமியார் கண்ணை மூடிக்கும். சத்தமும் அப்படித்தான். பக்கத்துல எழுத்து இருந்தாத்தான் கேக்கும். பேச்சுக் குமிழே இல்லாத வாயில நீ என்ன சத்தம் வச்சாலும் அதுக்குக் காது கிடையாது."

ஜெனோவா நாலு கட்டத்தையும் மறுபடி பார்த்தாள். கத்தி, கயிறு, உடைந்த லாஞ்சு, திறந்த வாய். இவன் பாவி என்று எந்தக் கட்டத்திலும் இல்லை. ஆனால் இவன் பாவி இல்லை என்றும் எதிலும் இல்லை. எட்டு விநாடியில் தன் இஷ்டத்துக்கு எதையாவது இட்டுக்கட்டி அப்பாவைக் காப்பாற்றலாம்தான். அப்படிச் செய்தால் அது ஊர் செய்த வேலையையே திருப்பிச் செய்வது. அவளுக்கு நடந்தது வேண்டும். அதைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கஸ்பார் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். ஜெனோவா அந்தப் பக்கத்தை அவர் முன்னால் தரையில் விரித்து வைத்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"காதைச் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார்.

"அப்பா, இந்தக் கட்டத்துக்கும் இந்தக் கட்டத்துக்கும் நடுவுல என்னப்பா நடந்துச்சு?"

கஸ்பார் எழுந்து கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, நிதானமாக, விரல் விரலாகக் கழுவினார். "நாப்பது வருசத்துல ஒருத்தரும் இதக் கேக்கலட்டி. வெட்டுனியா, வெட்டலியான்னுதான் கேட்டாவ. நீ அதுகூடக் கேக்கல."

"பயமா இருந்துச்சுப்பா."

"நான் வெட்டியிருப்பேன்னா?"

ஜெனோவாவால் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"வெட்டுனது நாந்தான்" என்றார் கஸ்பார்.

அவர் மறுபடி உட்கார்ந்து, நெத்திலியைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலையோடு வேலையாகச் சொன்னார். அன்றைக்குக் காற்று கூடியதும் தன் வள்ளத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். கரைக்குக் கொஞ்சம் தள்ளி நின்ற லாஞ்சு, பிடி நழுவிய நங்கூரத்தைத் தரையோடு உழுதுகொண்டு பாறையைப் பார்த்துப் போகிறது. அதன் பின்னால் கயிற்றில் கட்டியிருந்த சின்ன வள்ளத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வள்ளத்துக்குள் ஓர் ஆள் கிடந்தான். லாஞ்சுக்குக் காவல் இருக்க வேண்டியவன், குடித்துவிட்டு வள்ளத்தில் இறங்கிப் படுத்திருந்தான். கஸ்பார் நீந்திப்போய் வள்ளத்தில் ஏறி, அதை லாஞ்சோடு பிணைத்திருந்த கயிற்றை வெட்டினார். லாஞ்சு பாறைக்குப் போனது, அதை ஆண்டவராலும் நிறுத்தியிருக்க முடியாது. வள்ளம் மணலில் ஒதுங்கியது. இவர் ஆள் கூப்பிடக் கரையில் ஓடினார்.

"தொண்டை கிழியக் கத்துனேன். கச்சான் காத்து சத்தத்தத் தின்னுட்டு. மேல நின்னவனுக்கு என்ன தெரியும்? கஸ்பார் கத்தியோட ஓடியாறான், வாயப் பொளந்துக்கிட்டு. அந்த லாஞ்சுக்காரர்கூட எனக்கு முந்தின வாரந்தான் சண்ட. ஆளு வந்து பாக்கும்போது வள்ளத்துல ஒருத்தனும் இல்ல. பொறவு என்ன, முடிஞ்சுது சோலி."

வள்ளத்தில் கிடந்தவன் ஏன் சொல்லவில்லை என்று ஜெனோவா கேட்டாள்.

"வள்ளத்துல கெடந்த சூசை லாஞ்சுக்காரருக்கு அக்கா மகன். அவரு மகளத்தான் அவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்துச்சு, அடுத்த மாசம் கல்யாணம். மறுநாளு வந்து காலப் புடிச்சிக்கிட்டு அழுதான், வாயத் தொறந்துராதீய அண்ணேன்னு. சின்னப்பய. சரி, ரெண்டு மாசத்துல ஆறிரும்னு நெனச்சேன். நான் என்ன புனிதரா? ஊரு இப்படித் திரும்பும்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். தெரியும்போது காலங்கடந்து போச்சு, அவன் பொண்டாட்டி முழுகாம இருந்தா."

சூசை. ஜெனோவா அந்தப் பெயரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இதை வரைந்த கொண்டல் அந்தச் சூசையின் மகன்தான் என்று அப்பாவிடம் சொன்னாள். கஸ்பார் நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப நான் வாயத் தொறந்திருந்தா இந்தப் பய பொறந்திருக்கவே மாட்டானே. இந்தப் படமும் கெடையாது, ஒனக்கு வேலையும் கெடையாது."

நாற்பது வருஷத்தை அவர் இப்படிக் கணக்கு முடித்துவிடுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கி, உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. அப்பாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். மீன் வாடையோடு அவர் தலையைத் தடவிவிட்டார்.

எப்படி எடுக்கப் போகிறாள் என்பதைக் கேட்டுவிட்டு அவர் மூன்று நிபந்தனை போட்டார். வள்ளத்தில் கிடந்தவன் முகம் தெரியக் கூடாது, துண்டால் மூடியிருக்கட்டும். பெயர் வரக் கூடாது. கடைசியாக, மூன்றாவது கட்டத்துக்கும் நாலாவதுக்கும் நடுவே, ஓடுவதற்கு முன்னால், தான் குனிந்து அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாய் மட்டும் அசையட்டும், சத்தம் வேண்டாம். அதற்குப் பதில் சொல்வது போல அவன் கால் ஆட வேண்டும்.

"என்னப்பா சொன்னீங்க அவன்கிட்ட?"

"அது எனக்கும் அவனுக்கும். நீ காலை மட்டும் ஆட்டு."

வேலை நடந்தது. ஒவ்வொரு இடைவெளிக்கும் எட்டு விநாடி. நாற்பது வருஷத்துப் பழியை அதற்குள் அடக்குவது லேசான காரியமா? முதல் கட்டத்துக்கு முன்னால் நீந்துவதற்கு எட்டு, லாஞ்சும் வள்ளமும் ஒரே கயிற்றில் கிடப்பதைக் காட்ட எட்டு, வள்ளம் விடுபட்டு மணலில் ஒதுங்க எட்டு, குனிந்து பேச எட்டு. நாலு கட்டத்தையும் அச்சில் இருந்தது இருந்தபடி, கிழிந்த காது உட்பட, ஒரு கோடுகூடப் பிசகாமல் எடுத்தாள். இடைச் சட்டகங்களை வரைகிற பையன்கள் அந்தக் காலுக்குத்தான் முனகினார்கள். தூங்குகிறவன் கால் எதற்கு ஆட வேண்டும் என்று. எனக்கும் தெரியாது, ஆட்டுங்கள் என்றாள். எடுப்பதற்கு முன்னால் கொண்டலிடம், உங்கள் கட்டங்களுக்கு நடுவே நான் ஒரு காரியம் செய்யப் போகிறேன் என்று சொன்னாள். அந்த வெள்ளை என் கையிலும் இல்லை மேடம், உங்கள் பாடு என்று அவர் சொல்லிவிட்டார்.

கத்துகிற குரலுக்கு வந்த நடிகர் நல்ல நடிகர். ஆனால் ஒலிப்பதிவை வேடிக்கை பார்க்க வந்திருந்த கஸ்பாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடற்கரையில் எவனாவது இப்படிக் கூப்பிடுவானா, இது பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்றார். நடிகரே சிரித்துக்கொண்டு ஒலிவாங்கியை விட்டு விலகி நின்றார். கஸ்பார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெனோவா கை காட்டினாள்.

"ஏலே... ஓடியாங்கலே! வள்ளத்துல ஆள் கெடக்குலே!"

அறையில் காற்று இல்லை. ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் அந்தச் சத்தம் பதிவானது. நீலோபர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். இன்னொரு முறை கத்தவா என்று கஸ்பார் கேட்டார். வேண்டாம் அப்பா, போதும் என்றாள் ஜெனோவா.

படம் முடிந்து மாமியாரிடம் போன அன்று ஜெனோவாவுக்குச் சோறு இறங்கவில்லை. கதையின் அர்த்தத்தையே தலைகீழாக்கியிருக்கிறாள். தொண்ணூற்றேழு வராவிட்டால் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு வேறு யாரையாவது வைத்து எடுப்பார்கள். நீலோபர் திரையைப் பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள், பிறகு அந்த நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு மூச்சை விட்டாள்.

"தொண்ணூத்தொம்பது. இந்தத் தொடர்லயே இதான் ஜாஸ்தி" என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கினாள். "ஏன் ஜெனோ, நாம இப்ப ஏமாத்திட்டமா?"

"ஒரு கட்டத்தையாவது தொட்டோமா?"

"இல்ல."

"அப்ப ஏமாத்தினது நாம இல்ல" என்றாள் ஜெனோவா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வெளியீடு. காசிமேட்டு வீட்டில் வலைக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கிழிந்த காது திரையில் வந்ததும் எல்லோரும் திரையைப் பார்த்து, கஸ்பாரைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தன் குரல் கேட்டபோது மட்டும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். மத்தியானத்துக்குள் ரசிகர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இதுவரை வந்ததிலேயே மூலத்துக்கு மிக உண்மையான அத்தியாயம் என்றார்கள். கயிறுவெட்டி நல்லவன் என்று மங்கா படிக்கும்போதே எங்களுக்குத் தெரியும் என்று நெஞ்சறியப் புளுகினார்கள். ஜெனோவா படித்துப் படித்துச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் கொண்டல் அழைத்தார். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், நீங்க கஸ்பார் மகளா?"

ஆமாம் என்றாள்.

"நேத்து எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்தோம். அந்தக் கால் ஆடுச்சு பாருங்க, எங்கப்பா எந்திரிச்சு வெளிய போனவருதான். நேத்துல இருந்து ஒரு வாய் சாப்பிடல. இன்னிக்கு விடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கத்துனது உங்கப்பா குரல்தான்னும் சொன்னாரு." பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "நான் வரைஞ்சதுல ஒரு கோடு மாறல மேடம். ஊர்க்காரங்க பாத்ததும் இந்த நாலு கட்டத்தைத்தான். நடுவுல இருந்த வெள்ளையில அவங்களா ஒரு பாவியை வரைஞ்சிட்டாங்க. நான் அதை வாங்கி அச்சடிச்சிட்டேன். அப்பா உங்கப்பாகிட்ட பேசணும்ங்காரு. பேசுவாங்களா?"

ஜெனோவா போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள். கஸ்பார் கடுங்காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடி எதிரே வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் கொண்டல் போனைத் தன் அப்பாவிடம் கொடுத்தார்.

"அண்ணே."

"சொல்லுலே சூசை."

"அன்னைக்கி நான் தூங்கலண்ணே." அந்தக் குரல் உடைந்தது. "நீங்க வள்ளத்துல ஏறும்போதே முழிச்சிட்டேன். லாஞ்சு போறதப் பாத்தேன். மானம் போச்சேன்னு கண்ண மூடிக்கிட்டேன். நீங்க வெட்டும்போதும் முழிச்சுத்தான் கெடந்தேன். எந்திரிச்சு ஒரு கை குடுத்திருக்கலாம். இத நான் பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொல்லலண்ணே."

"தெரியும்லே" என்றார் கஸ்பார்.

"என்ன தெரியும்?"

"கர ஒதுங்குனதும் ஒன் காதுல என்ன சொன்னேன்? தூங்குதவனுக்குக் கால் ஆடுமேன்னு சொன்னேன்லா? நீ வெடுக்குன்னு ஆட்டுனியே."

ஜெனோவாவுக்குத் தன் கட்டிலும், ஞாயிற்றுக்கிழமைகளும், பக்கத்தில் வந்து நிற்கிற அந்தக் குரலும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி சூசையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கஸ்பாருக்கும் சிரிப்பு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அழுவாத. நேத்துல இருந்து சாப்பிடலியாமே, போயி முதல்ல சாப்பிடு" என்றார்.